பரிசுக்கு வந்த பூசணி

"இது கண்டிப்பா பக்கத்து வீட்டுக்காரன் வேலைதான்!" என்று விவசாயக் கண்காட்சிக் கூடாரமே அதிரக் கத்தினார் கணவர்.

பிழைக்க வந்த நாட்டில் பிள்ளை மாதிரி வளர்த்து, குடும்பமே காரில் மாற்றி மாற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த பூசணிக்காய். நடுவர் தடவிப் பார்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. "காய்க்குச் சாயம் பூசியிருக்கீங்க" என்று போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்.

"பொறாமை புடிச்சவன்! அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்!"

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாதீங்க. அது என் கண்மை. நான்தான் திருஷ்டிப் பொட்டு வச்சேன்."

"அடிப்பாவி! எதுக்குடி?"

"ஒரு ஆளு காலையிலேர்ந்து நம்ம காயையே சுத்திச் சுத்தி வந்து, வச்ச கண்ணு வாங்காம பாத்தாருங்க. பயமா இருக்காதா?"

"எந்த ஆளு?"

அவள் மெல்ல நடுவரைக் காட்டினாள்.

இப்ப நீங்களே சொல்லுங்க, கண்ணு பட்டுச்சா, இல்லையா?