ரத்தம் நிற்கும்வரை வெளியே

பந்து டெஸ்மண்டின் மூக்கில் பட்டு ரத்தம் வழிந்தது.

டெஸ் என் கணவர். வயது ஐம்பத்தொன்று. அம்மா வழியில் வந்த ஹீமோபிலியா. ரத்தம் லேசில் உறையாது. நாற்பது வருடமாக எங்கள் கிளப்பில் ஸ்கோர் பலகைக்கு எண் மாட்டியவர், இன்றுதான் முதல்முறையாக எல்லைக்கோட்டைத் தாண்டி ஆட உள்ளே போனார். போய் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சீசனின் கடைசி நாள். ஐம்பது தாண்டியவர்களின் ஜாலி ஆட்டம், யாரும் யாரையும் தள்ளக்கூடாது. ரத்தம் உறைய எட்டு மாதமாக வாரம் ஒரு புது ஊசி. ஆடலாம் என்று மெல்பர்ன் டாக்டரும் தலையாட்டிவிட்டார். பந்திடம்தான் யாரும் சொல்லிவைக்கவில்லை.

நடுவர் கிளாரி விசில் ஊதினார். எங்கள் ஃபுட்டியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தில், ரத்தம் வந்தால் எந்தக் கொம்பனும் வெளியே வந்தாக வேண்டும். நின்றால்தான் மறுபடி உள்ளே. இல்லாவிட்டால் பழையபடி நம்பர் மாட்டப் போ என்று சக ஆட்டக்காரர்களின் கிண்டல் வேறு.

டெஸ் மூக்கைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்தார். கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. ஆட்டம் முடியப் பன்னிரண்டே நிமிடம்.

நான் காருக்கு ஓடினேன். மருந்து இருக்கும் ஐஸ்பெட்டி இல்லாமல் முப்பது வருடமாக நாங்கள் எங்கேயும் போனதில்லை. தேனிலவில்கூட அது எங்களுக்கு நடுவே படுக்காத குறைதான்.

நீலப் பெட்டியைத் தூக்கிவந்து திறந்தேன்.

உள்ளே ஆரஞ்சு. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் தின்ன நான் காலையில் நறுக்கிய துண்டுகள். மருந்து வைத்த இன்னொரு நீலப் பெட்டி வீட்டுச் சமையலறையில்.

ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர்.

டெஸ் மூக்கிலிருந்து துணியை எடுத்தார். பார்த்தார். மறுபடி ஒற்றினார்.

ஒன்றுமில்லை.

ஆறே நிமிடத்தில் ரத்தம் நின்றுவிட்டது. சின்ன வயதில் ஒரு பால்பல் விழுந்ததற்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர்.

கிளாரி வந்து மூக்கை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே போ என்று கையைக் காட்டினார். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் கோல் விழுந்ததுபோல் ஹாரன் அடித்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"மருந்த வீட்டுலயே மறந்துட்டேன் டெஸ்."

அவர் ஒரு ஆரஞ்சுத் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

"தெரியும். கெளம்பறப்பவே பாத்தேன். முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நீ என் நோய மறந்திருக்க. அதப் போய் ஞாபகப்படுத்துவேனா?"

சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.