இறங்காத பலகை

"பலகை இறங்க மாட்டேங்குதுப்பா. இன்னும் ஒரு மணி நேரத்துல போட்டி."

ராயபுரம் கடற்கரையில் ராமதாஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். துறைமுகத்தில் பெரிய உத்தியோகம். பாய்மரப் போட்டியில் மூன்று வருடமாக அவருக்குத்தான் கோப்பை. ஆனால் படகின் நடுவிலுள்ள இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் இறங்க வேண்டிய பலகை இன்று பாதியில் சிக்கிக்கொண்டது. அது இறங்காவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

"ஆசாரி இன்னா சொன்னாரு சார்?" என்றான் அந்த வழியாக வந்த மீனவன் நீலமேகம்.

"தண்ணியில ஊறிப்போச்சாம். இழைக்க ரெண்டு நாள் ஆகுமாம். கடைசிச் சுற்றுல ரெண்டே படகு. நான் ஓடலைன்னா கோப்பை குப்பத்துக்காரன் எவனுக்கோ சும்மாவே போயிடும்."

'எவனுக்கோ' என்றது நீலமேகத்துக்குச் சுருக்கென்றது. இடுக்கில் விரலை விட்டுத் தடவினான்.

"ஊறல சார். ஊறியிருந்தா கொஞ்சமாச்சும் அசையும். எதுவோ மாட்டிக்கினு கீது."

படகை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். நீலமேகம் தண்ணீரை ஊற்றி, மெல்லிய இரும்புப் பட்டையால் அடியிலிருந்து நெம்பினான். கால் மணி நேரம் ஆயிற்று. விரல் கிழிந்து ரத்தம் வந்தது. சட்டென்று பலகை தடையில்லாமல் வழுக்கி இறங்கியது. மணலில் விழுந்ததை எடுத்து அவன் மடியில் முடிந்துகொண்டான்.

"என்னது அது?"

"கல்லு சார். கரையில இழுத்துப் போட்டா இப்படித்தான் பூந்துக்கும்."

"என் மானத்தைக் காப்பாத்திட்டே. உனக்கு என்ன வேணும், கேளு."

"ஒண்ணும் வாணாம் சார். ஒங்களால முடிஞ்ச மட்டும் ஓட்டுங்க, அது போதும்."

நீலமேகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இருநூறு அடி தள்ளி இன்னொரு படகில் அவன் மச்சான் துரை பாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, அந்தாளு படகை நீயே சரி பண்ணிக் குடுத்தியாமே? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?"

நீலமேகம் மடியை அவிழ்த்தான். உள்ளே கல் இல்லை. துரை வீட்டு அடையாளமாக வெட்டுக்குறி போட்ட, வலையில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்று இருந்தது.

"உன் வலையில ஒண்ணு கொறையும், கோத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்தான். "அந்தாளை ஓடவுட்டுத்தான் நான் ஜெயிக்கணும்."