முன்சீட்டுப் பலகை

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் எண்ணெய் மூடியைத் தளர்த்தினேன். அது தெறித்து வந்து என் நெற்றியைப் பதம் பார்த்தது.

"அண்ணே, இது இன்ஜினா, கொதிக்கிற சோத்துப் பானையா?"

போரோ அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் இலோய்லோ நகரில் வெகு காலமாக ஒரே ஜீப்னியை, பயணிகளை ஏற்றும் நீள ஜீப்பை, ஓட்டுகிறவர். இன்ஜின் போய்விட்டது என்று நான் சொன்னால் வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும். முகம் வெளிறி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளே கட்டும் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாயைத் தடவினேன். அதன் வாயில் கந்தல் துணியைத் திணித்து, மேலே கம்பி வேறு சுற்றியிருந்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"எந்த மடப்பய இத அடைச்சான்?"

"நாந்தான்டா. புகை முன்சீட்டுக்கு வந்துச்சு. நெனிதாவுக்கு இருமல் தாங்கல."

நெனிதா அவர் மனைவி. தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னாலிருந்து கைமாறி வரும் சில்லறையை வாங்கிப் போடுவார். ஜீப்னியின் நெற்றியில் எழுதியிருப்பதும் அவர் பெயர்தான்.

முன்சீட்டுக்கு அடியிலிருந்த பலகையைத் தூக்கினேன். ஆவி வெளியேற வழியில்லாமல் எண்ணெயைத் தடுக்கும் சீல் கிழிந்து, சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டிக் கருகியிருந்தது. பலகையின் அடிப்பக்கம் முழுக்கக் கரி.

அடைத்ததால் புகை நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாக அந்தச் சீட்டுக்கே போயிருக்கிறது. ஒரு முழம் ரப்பர் குழாயை மாட்டிப் பின்பக்கமாக விட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நிமிர்ந்தேன்.

அப்போதுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். பைக்கு மேல் சின்னதாக ஒரு கறுப்புத் துணி குத்தியிருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு நாங்கள் குத்திக்கொள்வது.

முன்சீட்டில் யாரும் இல்லை. நெனிதாவின் மெத்தை மட்டும் கிடந்தது.

"அடைச்சதுக்கப்புறம் புகை அவ பக்கம் வரலல்ல?" என்று கேட்டார்.

பலகையைக் கரி தெரியாதபடி கவிழ்த்து மூடினேன்.

"இல்லண்ணே. எல்லாம் கீழ, ரோட்டோட போயிருக்கு."

அவர் மெல்லத் தலையாட்டினார். அந்த மெத்தையைத் தட்டி, நேராக்கி வைத்தார்.

இன்ஜின் பிழைக்குமா என்று கடைசிவரை அவர் கேட்கவே இல்லை.