ஆர்க் விளக்குத் திருநீறு

தென்காசி டூரிங் டாக்கீஸில் நான் ஆபரேட்டர். பண்ணையார் பால்வண்ணநாதனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கண்டவனும் உட்கார்ந்த பெஞ்சு தீட்டு என்று வீட்டு நாற்காலியோடு வருவார். பிறர் எச்சில் பட்ட கிளாஸ் என்று சோடாகூடக் குடிக்க மாட்டார்.

அன்று சாமி படம். புரொஜெக்டரின் ஆர்க் விளக்கில் இரண்டு கார்பன் குச்சிகளைத் தொடவைத்துப் பிரித்தேன். நடுவில் வெள்ளை நெருப்பு சீறியது. திரையில் சிவன் தோன்றியதும் பண்ணையார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

படம் முடிந்ததும் என் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏலே, ஈசனைக் காட்டின நெருப்பாக்கும் அது! சாம்பல் கெடக்கா?”

“தகரத் தட்டுல கெடக்கு. ஆனா அது வேண்டாம் ஐயா.”

“எனக்கே வேண்டாங்கியா? எடுலே!”

நீட்டினேன். நெற்றி நிறையப் பூசினார். ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டார். மீதியைத் துண்டில் முடிந்தார்.

“நாளைக்கும் வருவேன். ஒரு தட்டு நெறையச் சேத்து வையி.”

கார்பன் குச்சி எரிந்து தட்டில் விழுவது நகக்கண் அளவுதான். அவர் கேட்டது ஒரு தட்டு.

வேறு வழியில்லாமல் அடுத்த பீடியைப் பற்றவைத்தேன்.