வலைக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஐஸ் ஹாக்கியில் கோல் விழுந்தால் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். கோல்காவலன் துவாரகன் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காலடிப் பனித்தரையில் சிவப்பு படர்வதைக் கண்டு தெரிந்துகொள்வான். அணி தோற்றுக்கொண்டே இருந்த இந்தப் பருவத்தில், பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் ரப்பர் வட்டு எதிர்முனையில் இருக்கும்போதே சிவப்பு படரத் தொடங்கியது. வேறு யாருக்கும் அது தெரியவில்லை. ஆனால் படர்ந்தால் கோல் விழுந்தே தீரும். கடைசி ஆட்டத்தில் சிவப்பு படர்ந்ததும் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தான். விளக்கு அணைந்தே இருந்தது. வட்டு அவன் முதுகில் பட்டு உள்ளே போனது.

மறுநாள் காலை, வீட்டுச் சமையலறையின் வெள்ளைத் தரையில், அவன் காலடியில், சிவப்பு மெல்லப் படர்ந்தது.

"ஏனப்பா அப்பிடியே நிக்கிறீங்கள்? தேத்தண்ணி ஆறுது," என்றாள் மனைவி சங்கவி.

எதிரே மாடிப்படியில் மகள் தடதடவென்று இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

"அவளை ஓடவேண்டாமெண்டு சொல்லும்," என்றான். இந்தமுறை திரும்பிப் பார்க்காமல், முழங்கால்களை மடக்கி, இரு கைகளையும் அகல விரித்தான்.