கடலம்மா பார்க்கும் படம்

சீன மீனவர்களின் கோயில் வாசலில் கட்டிய வெள்ளைத் திரை கடற்காற்றுக்கு உப்பித் தணிகிறது. எதிரே, திறந்த கதவுக்குள், புகையேறிக் கறுத்த சிலை முகத்தோடு கடலம்மா படம் பார்க்கிறாள். படம் அவளுக்குத்தான். புயலில் சிக்கிய புருஷன் ஹோக்-செங் உயிரோடு கரை சேர்ந்தால் ஒரு படம் போடுவதாக பிக்-யுன் நேர்ந்துகொண்டாள்; அவனும் சேர்ந்துவிட்டான். என்ன படம் என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு. திரையில் மஞ்சள் மந்திரத் தாள்கள் தீப்பிடித்துப் பறக்கின்றன. மார்பில் பேய் விரட்டும் எட்டுமூலைக் கண்ணாடி கட்டிய பூசாரி மரவாளோடு அலைமேல் ஓடுகிறான். கடற்பேய் வாயைப் பிளக்க, மீன்பிடிப் படகொன்று எரியும் விளக்குகளோடு மெல்ல, மிக மெல்ல உள்ளே இறங்குகிறது. திரைக் கடலின் நீல வெளிச்சம் தூண்களிலும் ஊதுபத்திப் புகையிலும் ஊறி, கோயிலே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைகிறது. பிக்-யுன் ஓடிப்போய்த் தன் ஓலை விசிறியைக் கடலம்மாவின் கண்களுக்கு முன்னால் பிடிக்கிறாள்.

"ஏன்டா லியாங், வேற படமே கிடைக்கலையா உனக்கு?"

படம் ஓட்டும் லியாங் சிரிக்கிறான். "கடலையே ஆள்றவங்க, இதுக்கா பயப்படுவாங்க, அக்கா?"

"பயத்துக்கு இல்லடா. பாத்துட்டு அவங்களுக்கு ஏதாவது யோசனை வந்துடப் போகுது."

சொல்லிக்கொண்டே புருஷன் பக்கம் திரும்புகிறாள். அவன் முக்காலியின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருக்கிறான். முகத்தில் நீல வெளிச்சம் ஏறி இறங்குகிறது. வாய் மூடியிருக்கிறது; மூச்சே விடவில்லை. பிக்-யுன் விசிறியை எடுத்து வந்து அவன் முகத்தை மறைக்கிறாள்.

"முடிஞ்சதும் சொல்றேன்."

ஓலைக்குப் பின்னால் அவன் மூச்சு மெதுவாக வெளியே வருகிறது. கதவுக்குள் கடலம்மா, மறைக்க யாருமில்லாமல், மூழ்கும் படகைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.