நுனி உடைந்த கத்திரி

ஜெசிந்தாவின் பியூட்டி பார்லரில் திங்கட்கிழமை கத்தரிக்கோல் காணாமல் போனது. அதன் நுனியில் சின்ன உடைவு உண்டு. மணிக்கட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஒழுங்காக வெட்டும். எடுத்துப்போனவர் அந்தச் சாய்வு தெரியாமல் வெட்டினால், வெட்டிக்கொண்டவரின் நெற்றி முடியில் ஒரு கீற்று மட்டும் நீளமாக நின்றுவிடும். அந்தக் கீற்றைத் தேடித்தான் ஜெசிந்தா ஐந்து நாளாக ஊரிலுள்ள நெற்றிகளையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஒருத்தி, “என்னக்கா, பேன் பாக்கியளா?” என்று சீறினாள். சர்ச் பூசையில் பக்கத்துப் பெண் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு நெற்றியும் சிக்கவில்லை. சனிக்கிழமை ஒரு கல்லூரிப் பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “முன்முடி வெட்டணும்க்கா. ஒரு கீத்து மட்டும் நீளமா தொங்கணும்.” ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. “இத எங்க பாத்த?” “எதுத்த பார்லர்லதான். எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேருக்கு இதான். அதுக்குன்னே தனிக் கத்திரி வச்சிருக்காங்களாம். அங்க ஒரே கூட்டம், அதான் இங்க வந்தேன்.” பல்லைக் கடித்துக்கொண்டு ஜெசிந்தா புதுக் கத்தரிக்கோலால் வெட்டினாள். வேண்டுமென்றே விட்ட கீற்று அசட்டுத்தனமாகத் தொங்கியது. பெண் கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“நீங்களும் அந்த மாதிரி ஒரு கத்திரி வாங்கலாம்லாக்கா?”